பேச்சியக்காவின் படங்கும் அடையாத கோழிகளும்

போன வாரம், நான் ஓய்வு பெற்ற மருந்தகத்தில் இப்போது வேலை பார்க்கும் ரேவதி எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஏதோ வெளிநாட்டுக் கோழிக்கூடு. பொழுது சாய்ந்ததும் கோழிகள் கூட்டத்துக்கு வந்த அதிகாரிகளைப் போல வரிசையாக உள்ளே போகின்றன. கடைசிக் கோழி நுழைந்ததும் கதவு தானாக இறங்கி மூடிக்கொள்கிறது. 'சார், இது மட்டும் நம்ம ஊருக்கு வந்துட்டா நம்ம சாயங்காலச் சோலி முடிஞ்சது' என்று கீழே எழுதி, பல்லைக் காட்டிச் சிரிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தார்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கதவு மூடுறது என்ன பெரிய காரியம்? மூடுறதுக்கு முன்னாடி உள்ள வரணும்ல. இந்த வீட்ல அதுதான நடக்கல இத்தன வருசமா" என்றாள்.

அது எனக்குத்தான். ஊரில் உள்ள கோழிகளையெல்லாம் பொழுதோடு கூட்டில் அடைத்துவிட்டு, நான் போடியில் என் வீட்டுக் கதவைத் தட்டும்போது சாப்பாடு ஆறிப்போயிருக்கும். அவள் சொல்வதில் தப்பில்லை.

நான் கால்நடைப் பராமரிப்பு உதவியாளனாக இருந்தவன். போடிக்கு மேற்கே மலையடிவாரம் முழுக்கவும், குரங்கணிக்கு மேலே ஜீப் போகிற எஸ்டேட்டுகள் வரைக்கும் எங்கள் மருந்தகத்தின் எல்லை. ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, மாட்டுக்குத் தடுப்பூசி, வயிற்றில் கன்று திரும்பிக்கொண்டால் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கயிறு பிடிப்பது என்று எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். ஆனால் ஊரில் எனக்கு நிலைத்த பெயர் 'கோழி அடைக்கிற பாண்டி'. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, செல்லப்பாண்டி வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு டீக்கடைக்காரர், "யாரு, நம்ம கோழி அடைக்கிற பாண்டியா?" என்று கேட்டு, கையோடு கூட்டிக்கொண்டு வந்து விட்டார். சம்பந்தி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊசி பிடிக்கவும், மாட்டின் உதைக்குத் தப்பவும், அதிகாரி வரும்போது எழுந்து நிற்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கோழியை எப்படிக் கூட்டுக்குப் பழக்குவது என்று யாரும் சொல்லவில்லை. பயிற்சிப் பண்ணையில் கோழிகள் கொட்டகையிலேயே வளர்ந்து கொட்டகையிலேயே இருந்தன. அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால் அந்தக் கேள்வியே எழவில்லை.

பெண்களுக்கு இலவசமாகக் கோழிக்குஞ்சு கொடுக்கும் திட்டம் வந்தபோதுதான் கேள்வி எழுந்தது. அவை மெஷினில் பொரித்த குஞ்சுகள். தாய்க்கோழி கூட்டிக்கொண்டு போய்ச் சிறகுக்குள் படுக்கவைத்து வளர்த்த குஞ்சு என்றால் இருட்டுகிறபோது எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். இவை பொழுது சாய்வதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயமாகப் பார்த்தன. இருட்டியதும் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். இல்லையென்றால் முருங்கை மரத்தில் ஏறும். மறுநாள் காலையில் வாசலில் இறகு கிடக்கும். மரநாய்க்கும் கீரிக்கும் அரசாங்கமே சாப்பாடு போட்ட கணக்குத்தான்.

தேவாரம் என்ற ஊரில் ஒரு விவசாயி எனக்குச் சொல்லி அனுப்பினார். கூடு புதுசு, தகரக் கூரை, உள்ளே வைக்கோல், எல்லாம் சரியாக இருந்தது. கோழிகள் மட்டும் கூட்டுப் பக்கமே போகவில்லை. தீனியை மாற்றிப் பார்த்தேன், கதவை அகலமாக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அங்கேயே இருந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பக்கம் பொழுது சாய்ந்தால் தோட்டத்துக்கு யானை இறங்கும். யானையை விரட்ட எல்லோரும் தகரம் தட்டுவார்கள். அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தகரம் கோழிக்கூட்டின் கூரை. கோழி உள்ளே போகிற நேரமாகப் பார்த்து மனுஷன் அதன் தலைக்கு மேலே கட்டையால் போட்டுச் சாத்துகிறார்.

"யானை ஓடிருச்சுல்ல?" என்று என்னிடம் பெருமையாகக் கேட்டார்.

"ஓடிருச்சுண்ணே. கோழியும் ஓடிருச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் தட்டுவதற்குத் தனியாக ஒரு எண்ணெய் டின் வைத்துக்கொண்டார். கோழிகளும் அடைய ஆரம்பித்தன. எனக்குப் பெயர் பரவியது அந்த எண்ணெய் டின்னால்தான்.

ஆனால் இந்த வேலையை ஒழுங்காக நான் கற்றுக்கொண்டது கோமதி டாக்டரிடம். அவர் எங்கள் மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், குரங்கணி ரோட்டோரத்தில் ஒரு வீட்டில் நான் கையில் குச்சியோடு விடலைக் கோழி ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஜீப்பை நிறுத்தி இறங்கியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"பாண்டி, நீங்க அவங்களைத் துரத்துறீங்களா, அவங்க உங்களை ஓட்டிக்கிட்டுப் போறாங்களா?" என்றார்.

அவங்க என்றது கோழியை. டாக்டருக்குக் கோழியும் மரியாதைக்குரிய ஆள்தான். கழுத்தைப் பிடித்து ஊசி போடும்போதுகூட, "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பார். கோபம் வந்தால் இந்த மரியாதை இன்னும் கூடும். சாதாரண நாளில் நான் பாண்டி. எரிச்சல் வந்தால் செல்லப்பாண்டி. நிஜமாகவே கோபம் வந்துவிட்டால் 'செல்லப்பாண்டி அவர்களே, தயவுசெய்து' என்று ஆரம்பிப்பார். அந்த 'தயவுசெய்து'வுக்கு நான் பயந்த அளவுக்கு வேறு எந்த அதிகாரியின் சத்தத்துக்கும் பயந்ததில்லை.

அவருடைய முறை ரொம்ப எளிது. எங்களைப் போன்ற அவசரக்காரர்களுக்குத்தான் அது கஷ்டம். முதலில் சில நாள் கோழிகளைக் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். இதுதான் வீடு என்று மனசில் பதிய வேண்டும். பிறகு சாயங்காலத்தில் மட்டும் திறந்துவிட வேண்டும், தூரம் போக நேரம் இல்லாதபடிக்கு. எப்போது திறப்பது என்பதற்கு வானத்தைப் பார்க்கக்கூடாது என்பார். எங்கள் பக்கம் மேற்கே மலை. சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகும் வானம் வெகுநேரம் வெளுத்துக் கிடக்கும். ஆனால் ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டு கட்டிவிடும். கோழி இருப்பது மரத்தடியில், வானத்தில் இல்லை என்று சொல்வார்.

கூட்டுக்குள்ளே ஒரு சின்ன டார்ச்சைத் தொங்கவிடுவார். "வெளியே வெளிச்சமா இருக்கிறப்ப இருட்டுப் பொந்துக்குள்ள நீங்க நுழைவீங்களா பாண்டி?" என்று கேட்பார். உள்ளே ஒரு கை கம்பு தூவுவார். அதிகம் கூடாது. வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுக்கிற மாதிரி, அவ்வளவுதான். பிறகு கதவைத் திறந்துவைத்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். கூட்டைப் பார்த்து உட்காரமாட்டார். பக்கவாட்டில் திரும்பி, வேறு எதையோ பார்ப்பதுபோல உட்காருவார். நேருக்கு நேர் வெறித்துப் பார்த்தால் கோழி மிரளும். 'பா பா' என்று கூப்பிடக்கூடாது. விரட்டவே கூடாது. போன் வந்தால் எடுக்கக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தால்தான் என் வீட்டில் எனக்குக் கெட்ட பெயர்.

எல்லாம் போன பிறகும் ஒன்றிரண்டு வெளியே நிற்கும். அவற்றை நன்றாக இருட்டும்வரை விட்டுவிட வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. அப்போது இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்துத் தூக்கி, சத்தமில்லாமல் உள்ளே இருக்கும் குறுக்குக் கட்டையின்மேல் உட்காரவைக்க வேண்டும்.

"காலையில எழுந்து, தானே வந்து படுத்ததா அவங்க நினைச்சுக்குவாங்க. நாமளும் அப்படியே விட்டுடணும். நான்தான் தூக்கி வச்சேன்னு சொல்லிக் காட்டக்கூடாது" என்பார் டாக்டர்.

இந்த முறை எங்கேயும் தோற்றதில்லை. பேச்சியக்காவின் கோழிகளிடம் மட்டும் தோற்றது.

பேச்சியக்கா குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலையில் இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளை எஸ்டேட்டில் லயம் என்பார்கள். அந்த லயத்தில் ஓர் அறை அவருக்கு. வீட்டுக்காரர் இறந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகன் குமரேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வேலை முடியும் வயது வந்துவிட்டதால் அடுத்து வரும் தை மாதத்தோடு லயத்தைக் காலி செய்ய வேண்டும். மகனோ திருப்பூருக்கு வா என்றான். மூணாவது மாடியில் வாடகை வீடு. அக்காவுக்குக் குரங்கணியில் தகப்பன் வழியில் வந்த ஒரு சின்ன ஓட்டு வீடு இருந்தது. நான் அங்கேதான் இருப்பேன் என்றார். இருவருக்கும் போனில் தினமும் சண்டை.

நான் குஞ்சுப்பெட்டியை இறக்கிய நாளன்று அந்தச் சண்டையை என் காதாலேயே கேட்டேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஏம்மா, தனியா எப்படிம்மா இருப்ப? ஒரு மேலு காலு வலின்னா யாரு பாக்குறது?"

"எனக்கு என்னடா? கோழி வளக்கப் போறேன். முட்டைய வித்துக்கிட்டு ராணி மாதிரி இருப்பேன்."

"நீயா? போன தடவ வளத்ததெல்லாம் மரநாய் தின்னுட்டுப் போச்சுன்னு சொல்லி அழுத. கோழியவே ஒழுங்கா அடைக்கத் தெரியல ஒனக்கு."

"இந்தத் தடவ அடைச்சுக் காட்டுறேன் பாரு."

"சரி. பொங்கலுக்கு வர்றேன். சாயங்காலம் அத்தனை கோழியும் நீ வெரட்டாம தானாக் கூட்டுக்குப் போச்சுன்னா நீ குரங்கணியிலயே இருந்துக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். போகலன்னா மூட்டையக் கட்டு, திருப்பூருக்கு."

"பந்தயம்டா" என்று சொல்லிப் போனை வைத்த அக்கா, என்னைப் பார்த்து, "தம்பி, எப்படியாச்சும் பண்ணிக் குடுத்துருங்க" என்றார். அப்போது அவர் குரலில் கேலி இல்லை. தன் வீட்டில் தனக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பெட்டிக் கோழிக்குஞ்சின்மேல் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பண்ணிவிடலாம் அக்கா என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அது புரட்டாசி மாதம். மலையில் குளிர் தொடங்கிவிட்டது. எஸ்டேட் ஆசாரி கூடு செய்து கொடுக்கத் தாமதம் ஆனதால், அக்கா குஞ்சுகளை அடுப்படியில் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டார். கூடு வந்த பிறகு டாக்டரின் முறையை ஒன்றுவிடாமல் செய்தோம். சில நாள் அடைத்து வைத்தோம். மரத்தடி இருட்டைப் பார்த்துத் திறந்தோம். டார்ச், கம்பு, கவிழ்த்த வாளி எல்லாம் வைத்தோம். கோழிகள் வந்தன, கம்பைத் தின்றன, வெளியே போய், லயத்துக்கு எதிரே நின்ற கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டன.

தாழ்ந்த கிளைதான் ஆசை காட்டுகிறது என்று முடிவு செய்து, கொய்யாவின் கீழ்க்கிளைகளை நான் வெட்டினேன். மறுவாரம் போனால் கோழிகள் பக்கத்தில் நின்ற ஆரஞ்சு மரத்தில் இருந்தன. ஆரஞ்சு மரத்தைச் சுற்றி முள் கட்டினேன். அடுத்த வாரம் அவை பலாவில் இருந்தன. நடுவில் இரண்டு கோழிகளை மரநாய் கொண்டுபோய்விட்டது. அக்கா இறகுகளைப் பொறுக்கி வைத்திருந்து என்னிடம் காட்டினார்.

"செல்லப்பாண்டி" என்றார் டாக்டர். "எஸ்டேட்ல இன்னும் எத்தனை மரம் பாக்கி இருக்கு?"

ஐப்பசியில் ஒருநாள் தடுப்பூசி போடப் போயிருந்தோம். மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. ஜீப் பாதையில் தண்ணீர் இறங்கியதால் டிரைவர் வண்டியை எடுக்க மறுத்துவிட்டார். ஏலக்காயை உலர்த்துகிற கட்டிடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். விறகு அடுப்பு எரிவதால் உள்ளே கதகதவென்று இருக்கும். அங்கே ஒதுங்கி நின்று பால் சேர்க்காத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தோம். பொழுது மங்கியது. திடீரென்று உள்ளேயிருந்து கங்காணி தங்கையாவின் சத்தம் கேட்டது.

"ஏ பேச்சி! இங்க வா! ஒன் சந்ததியெல்லாம் எங்க வந்து படுத்திருக்குன்னு பாரு!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். காய் காயவைக்கும் தட்டுகளுக்கு நடுவே சுவரோரமாகத் துணி காயப்போடும் ஒரு கொடி. அந்தக் கொடிக்குக் கீழே கோழிகள் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பரம சுகமாக உட்கார்ந்திருந்தன. பச்சை ஏலக்காய்த் தட்டு ஒன்றின்மேல் அவை வந்து போனதற்கு அடையாளமும் இருந்தது.

தங்கையா கெட்டவர் இல்லை. ஆனால் ஏலக்காய்க்கு வாசம் கெட்டுப்போனால் போடியில் ஏலம் எடுக்கும் வியாபாரிகள் சரக்கைத் தொடமாட்டார்கள், அவர் வேலைக்கும் ஆபத்து. "இன்னொரு தடவ ஒரு கோழிய ஸ்டோருக்குள்ள பாத்தேன், லயத்துல கோழியே இருக்கக் கூடாது ஆமா. டாக்டரம்மா முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார்.

பேச்சியக்காவின் முகம் செத்துப்போய்விட்டது. கொடியில் காயப்போட்டிருந்த தன்னுடைய படங்கை எடுத்தார். காய் எடுக்கிற பெண்கள் ஈரமும் சேறும் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்ளும் நீலப் பிளாஸ்டிக் தாள்தான் படங்கு. அதைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கி லயத்தைப் பார்த்து நடந்தார். கோழிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோழிகள் கண்ணைத் திறந்தன. எழுந்தன. நனைகிறோமே என்றுகூடப் பார்க்காமல் அந்த நீலப் படங்குக்குப் பின்னால் வரிசையாகப் போயின.

டாக்டர் கையில் சாயாவோடு அப்படியே நின்றார். "பேச்சியம்மா, நில்லுங்க" என்று கூப்பிட்டார். "குஞ்சா இருந்தப்ப அட்டைப்பெட்டியை எதால மூடுனீங்க?"

"இந்தப் படங்காலதான் டாக்டரம்மா. குளிருச்சுல்ல, பாவம்."

"சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா இதை எங்க காயப் போடுவீங்க?"

"மொதல்ல கொய்யாவுல போட்டேன். தம்பி கெளைய வெட்டிட்டாரு. பெறகு ஆரஞ்சுல போட்டேன். அதுக்கு முள்ளக் கட்டிட்டாரு. பெறகு பலாவுல. இன்னைக்கு மழைன்னு ஸ்டோர்ல போட்டேன்."

நான் மரம் மரமாகத் தடுத்துக்கொண்டு வர, அக்கா அடுத்த மரத்தில் படங்கைப் போட்டுக்கொண்டு வர, கோழிகள் ஒழுங்காகத் தங்கள் தாயைத் தேடிப் போயிருக்கின்றன. இத்தனை வாரமாக நாங்கள் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோழிகள் எதைப் பார்க்கின்றன என்று யாரும் பார்க்கவில்லை.

"செல்லப்பாண்டி அவர்களே" என்றார் டாக்டர். "தயவுசெய்து ஒரு ஆணியும் சுத்தியலும் கொண்டுவர்றீங்களா?"

படங்கைக் கூட்டுக்குள்ளே மாட்டினோம். அன்றைக்கே எல்லாக் கோழிகளும் உள்ளே போய் அதற்கடியில் படுத்துக்கொண்டன. பேச்சியக்கா மழையில் நின்றுகொண்டே சிரித்தார். பகலில் இடுப்பில் கட்டியிருந்த படங்கை இனிமேல் சாயங்காலமானால் கூட்டில் மாட்டிவிட வேண்டியது, அவ்வளவுதான் வேலை. நான் போடிக்கு வந்து சேர நெடுநேரம் ஆகிவிட்டது. படங்குதான் தாய் என்று மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "ஒங்களுக்கு எதைக் கட்டித் தொங்கவிடணும்னு சொன்னீங்கன்னா நானும் ஆணி அடிச்சு வச்சிருவேன்" என்றாள்.

பொங்கலுக்கு முன்பே அக்கா குரங்கணி வீட்டுக்கு வந்துவிட்டார். கூட்டையும் கொண்டுவந்தாயிற்று. வேலை இல்லாததால் படங்குக்குப் பகலிலும் கூட்டிலேயே இடம். பந்தய நாளன்று டாக்டரையும் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாட்சிக்குத்தான் கூப்பிட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

குமரேசன் திருப்பூரிலிருந்து புதுப் பைக்கிலேயே வந்திருந்தான். கடன் போட்டு வாங்கிய வண்டி. கண்ணாடி மாதிரி துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தான். நாங்கள் உள்ளே இலையில் உட்கார்ந்திருந்தபோது அவன் வெளியே போய்விட்டு வந்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மரத்தடியில் இருட்டு கூடியது. டாக்டர் வாளியைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். அக்கா கம்பு தூவிவிட்டுத் தள்ளி நின்றார். கோழிகள் வந்தன. உள்ளே போயின. எனக்கு மூச்சு வந்தது. உடனே வெளியே வந்தன. வாசலைச் சுற்றிப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பறந்து குமரேசனின் பைக்கின்மேல் ஏறி உட்கார்ந்தன.

பைக்கின்மேல் நீலப் படங்கு போர்த்தியிருந்தது. பனிக்கு வண்டி நனைந்துவிடும் என்று கூட்டிலிருந்து அவன்தான் எடுத்துப் போர்த்தியிருக்கிறான்.

குமரேசன் விழுந்து விழுந்து சிரித்தான். "போச்சும்மா! பந்தயம் போச்சு! மூட்டையக் கட்டு!"

டாக்டர் எழுந்தார். "குமரேசன் அவர்களே, தயவுசெய்து" என்று தொடங்கினார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"சிரிக்காதடா. கோழிக ஒரு தப்பும் பண்ணல. அதுக அடையிற எடம் அந்தப் படங்குதான். நீ என்ன பண்ணுன? நல்லதுன்னு நெனச்சு அதுக வீட்டத் தூக்கிட்டுப் போயி ஒன் வண்டில போட்டுக்கிட்ட. அதுகளுக்கு வேற வழி தெரியல, பின்னாடியே வந்துருச்சு. நான் அப்படி வரமாட்டேன் குமரேசா."

குமரேசனின் சிரிப்பு மெல்ல இறங்கிப்போனது. அவன் வண்டியைப் பார்த்தான், ஓட்டு வீட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கன்று செத்துப்பிறந்த வீடுகளில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"இப்ப என்ன செய்யணும் டாக்டர்?" என்று அவன் கேட்டான்.

"நல்லா இருட்டட்டும். இரண்டு கையாலும் தூக்குங்க, சிறகோட சேர்த்து. சத்தம் போடாம."

இருட்டியதும் ஒவ்வொரு கோழியாகத் தூக்கிக் கூட்டுக்குள் வைத்தான். கடைசியில் படங்கையும் கொண்டுபோய் ஆணியில் மாட்டினான். புது வண்டியின் சீட்டெல்லாம் எச்சம். அதைத் துடைத்துக்கொண்டே, "சரி, இங்கயே இரு" என்று மட்டும் சொன்னான். அக்கா அவனுக்கு இன்னொரு தடவை பொங்கல் எடுத்துவைத்தார்.

டாக்டர் பிறகு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். நான் ஓய்வு பெற்றேன். ரேவதியின் வீடியோவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. கதவு நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே ஆணி அடிக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதலாம் என்றிருக்கிறேன்.

நேற்று ஒரு சோலியாகக் குரங்கணி போயிருந்தேன். பேச்சியக்கா வீட்டில் நுழைந்தபோது பொழுது சாய்கிற நேரம். இப்போது இருப்பது அந்தக் கோழிகளின் பேரன் பேத்திகள். தாய்க்கோழிகளுக்குப் பின்னால் தாமாகவே போய் அடைந்தன. கூட்டை எட்டிப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

"படங்கு எங்கக்கா?"

"இந்தா இருக்கு தம்பி" என்று காட்டினார். வாசல் ஓரமாக, பைக் நிறுத்துகிற இடத்தில், நான்காக மடித்து ஒரு கல்லின்மேல் வைத்திருந்தார். கழுவித் துடைத்திருந்தது. "கோழிகளுக்கு இனிமே அது வேணாம். அவன் வண்டிய மூட வேணும்ல. பனி பெய்யுது."

"குமரேசன் வர்றானா?"

"மாசா மாசம் வந்துர்றான். நடுவுல ஒரு நா லீவு கெடச்சாலும் வர்றான்."

"சண்ட போட்டுக் கூப்பிட்டீங்களாக்கும்?"

"சேச்சே. கூப்பிடவே மாட்டேன். வெரட்டவும் மாட்டேன். டாக்டரம்மா சொன்ன மாதிரிதான். அவனுக்குப் புடிச்ச கொழுக்கட்டை கொஞ்சமா வச்சிருப்பேன். லைட்டப் போட்டுக் கதவத் தெறந்து வச்சிருவேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவனாத்தான் வர்றதா நெனச்சுக்கிட்டு இருக்கான். நானும் அப்படியே விட்டுட்டேன்."

போடி ரோட்டு வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. நான் எழுந்து எட்டிப் பார்க்கப் போனேன். பேச்சியக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வாசலுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வேறு எதையோ பார்க்க ஆரம்பித்தார்.